மேட்டில் வெட்டும் அகழியும் பள்ளத்தில் காயும் ஊருணியும்

எங்கள் பகுதி மண், நீர்வளப் பாதுகாப்பு அலுவலகத்தில் பணிபுரியும் பொறியாளர்களுக்கும், வரைதொழில் அலுவலர்களுக்கும், களப்பணியாளர்களுக்கும், புல்டோசர் இயக்குபவர்களுக்கும்,

வணக்கம்.

அரசு அலுவலகங்களுக்கு வரும் மனுக்களில் பெரும்பாலானவை "செய்து தர வேண்டுகிறோம்" என்று முடியும். கிராம நிர்வாக அலுவலராக வேலை பார்த்தவன் என்பதால் அத்தகைய மனுக்களைக் கட்டுக்கட்டாக வாங்கி மேலே அனுப்பியிருக்கிறேன். இந்த மடலின் கோரிக்கை வேறு. செட்டிநாட்டில் ஊருணிகளுக்கு, அதாவது ஊர்க் குடிநீர்க் குளங்களுக்கு, மழைநீர் ஓடிவரும் மேட்டு நிலங்கள் சிலவற்றில் நீங்கள் அகழி, வரப்பு என்று ஒன்றும் வெட்டாமல், ஒன்றும் கட்டாமல் இருக்க வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். அந்த இடங்கள் எவை என்று உங்களோடு நடந்து காட்டவும் தயாராக இருக்கிறேன்.

வேலை செய்கிறவர்களைக் குறை சொல்லவே ஓய்வூதியம் வாங்குகிற ஆள் என்று இதை ஓரமாக வைத்துவிட வேண்டாம். மண் அரித்துப் போகக்கூடாது என்பதில் எனக்கு உங்களோடு சண்டை இல்லை. இறுகிய செந்நிறக் கல்லான செம்புறை கிடக்கும் எங்கள் காட்டில் பல இடங்களில் மேல்மண்ணே ஒரு சாண்தான். அதுவும் போய்விட்டால் சரளையை உழுதுகொண்டிருக்க வேண்டியதுதான். என் சண்டை, உங்கள் பயிற்சி வகுப்புகளில் சொல்லித் தரப்படும் அந்த மூன்று வரிப் பாடத்தோடு: ஓடும் நீரை நடக்க வை, நடக்கும் நீரை நிற்க வை, நிற்கும் நீரை மண்ணுக்குள் இறக்கு. மலைச்சரிவுக்கு இது அருமையான பாடம். ஆழமான மண் உள்ள மானாவாரிக் காட்டுக்கும் பொருந்தும். காரைக்குடியிலிருந்து தேவகோட்டை வரை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், புதுவயல் சுற்றிலும் இதை அப்படியே கொண்டுவந்து இறக்கினால், ஊர்கள் நூற்றாண்டுகளாகக் கட்டி வைத்த நீர் ஏற்பாட்டின் குரல்வளையில் கை வைத்ததாகிவிடும்.

எங்கள் நிலம் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் சொல்கிறேன். வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. தேனாறு, மணிமுத்தாறு, விருசுழி ஆறு என்று வரைபடத்தில் நீலக்கோடுகள் இருக்கின்றன. ஆண்டில் பெரும்பகுதி அவற்றில் மணலும் சீமைக்கருவேலமும்தான். ஆண்டு மழை ஏறத்தாழ 900 மில்லிமீட்டர். கேட்கக் குறைவில்லாத அளவு. ஆனால் அது ஆவணி, புரட்டாசியில் இடியோடு வரும் சில மழைகளாகவும், ஐப்பசி, கார்த்திகையில் அடைமழையாகவும் விழுந்து தீர்ந்துவிடும். கீழே செம்புறை இறுகிக் கிடப்பதால் கனமழையில் நீர் உள்ளே இறங்குவதைவிடச் செந்நிறமாக மேலே ஓடுவதே அதிகம். இந்த ஓட்டத்தைக் குறையாக எண்ணாமல் மூலதனமாகக் கொண்டுதான் முன்னோர் ஊரை அமைத்தார்கள். மேற்கிலிருந்து கிழக்கே சரியும் நிலத்தில், ஊருக்கு மேட்டில் ஒரு பொட்டலை விட்டார்கள். அதிலிருந்து மழைநீரைக் கொண்டுவரும் வரத்துக்கால் வெட்டினார்கள். வரத்துக்கால் முடியும் இடத்தில் செம்புறைக் கல்லால் படியும் சுவரும் வைத்து, பல ஊர்களில் நடுவில் கிணறும் வைத்து, குடிப்பதற்கு ஊருணி அமைத்தார்கள். நிறைந்து வழிவது பாசனத்துக்கான கண்மாய்க்குப் போகும். கண்மாயின் கலுங்கில், அதாவது மிகைநீர் வெளியேறும் வாயில், வழிவது அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும். இந்தச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் மேலே இருப்பது விடும் நீரை நம்பித்தான் இருக்கிறது.

வீடுகளையும் இதே புத்தியோடுதான் கட்டினார்கள். செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் பர்மாத் தேக்குத் தூண்களையும் ஆத்தங்குடித் தரையையும் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். முற்றத்தின் மூலையில் இருக்கும் நீர்ப்போக்குத் துளையை யாரும் படம் எடுப்பதில்லை. சுற்றிலும் உள்ள ஓட்டுக்கூரைகள் எல்லாம் முற்றம் நோக்கிச் சரிந்திருக்கும். விழுந்த மழை பாத்திரங்களுக்கும் கிணற்றுக்கும் போக, மிஞ்சியது தெருக் கால்வாய்க்கு வந்து ஊருணிப் பக்கம் திரும்பும். மழைநீர் சேகரிப்பைத் தமிழக அரசு கட்டாயமாக்கியது 2003 வாக்கில். இந்த வீடுகளில் பல அதற்கு நூறு ஆண்டு மூத்தவை. 2014-இல் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றபோது எல்லோரும் மாளிகைகளைப் பற்றியே பேசினார்கள். என் பார்வையில் மாளிகைகளைவிட அவற்றுக்குக் கீழே ஓடும் இந்த நீர்க்கால்களுக்குத்தான் அந்தப் பெருமை சேர வேண்டும். அது போகட்டும்.

நான் சொல்ல வந்தது அந்தப் பொட்டலைப் பற்றி. முற்றத்துக்கு ஓட்டுக்கூரை எப்படியோ அப்படித்தான் ஊருணிக்குப் பொட்டல். வருவாய்ப் பதிவேட்டில் அதற்கு அந்த மரியாதை கிடையாது. ஊர் நிலங்களின் வகை எழுதிய அ-பதிவேட்டைப் புரட்டினால் "தீர்வை ஏற்படாத தரிசு" என்றோ "மேய்ச்சல் புறம்போக்கு" என்றோ இருக்கும். தரிசு என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு உங்கள் திட்டம் அதைச் சீர்கெட்ட நிலம் என்று எடுத்துக்கொள்கிறது. மண் தெரிகிறது, மரம் இல்லை, மழை பெய்தால் நீர் நிற்காமல் ஓடுகிறது. திட்ட அறிக்கை எழுதுகிறவருக்கு வேறென்ன வேண்டும்? இடைவிட்ட அகழிகள், சம உயர வரப்புகள், மேல்பகுதியில் நீரைத் தேக்கி மண்ணுக்குள் இறக்கும் ஒரு கசிவுநீர்க் குட்டை, சுற்றிலும் மரக்கன்றுகள்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீங்கள் என்னைவிட வேகமாகப் போடுவீர்கள். ஐப்பசியில் ஒரு நாள் 50 மில்லிமீட்டர் மழை. அதில் ஐந்தில் ஒரு பங்கு மேலே ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம், 10 மில்லிமீட்டர். ஒரு ஹெக்டேரில் அது 100 கன மீட்டர், அதாவது ஒரு லட்சம் லிட்டர். ஊருணிக்கு மேலே 40 ஹெக்டேர் பொட்டல் இருந்தால், அந்த ஒரே மழையில் 40 லட்சம் லிட்டர் வந்து சேரும். இப்போது அதே பொட்டலில் ஹெக்டேருக்கு 100 கன மீட்டர் கொள்ளும்படி அகழிகளை வெட்டுங்கள். முதல் மழையின் ஓட்டம் முழுவதும் அகழிக்குள் நின்றுவிடும். ஊருணிக்கு வருவது பூஜ்யம். அகழி வற்றுவதற்குள் இரண்டாவது மழை வந்தால் ஊருணிக்கு ஏதாவது உண்டு. சில மழைகளை நம்பியே ஆண்டு முழுவதையும் ஓட்டுகிற ஊரில் முதல் இரண்டு மழை போய்விட்டால் என்ன மிஞ்சும்?

எனக்குத் தெரிந்த ஓர் ஊரில் இதுதான் நடந்தது. ஊரின் பெயர் வேண்டாம். அகழிகள் நேர்த்தியாக வெட்டப்பட்டிருந்தன. மழையில் நிரம்பி வரிசையாகப் பளபளத்தபோது அலுவலகத்திலிருந்து வந்து இடக்குறியீட்டோடு படம் எடுத்துப் பதிவேற்றினார்கள். உண்மையிலேயே அழகான படம். அதே வாரத்தில் ஊருணியில் கணுக்கால் அளவு நீர் இருந்தது. அதற்குப் படம் எடுக்கும் கட்டம் எந்தச் செயலியிலும் இல்லை.

"நீர் எங்கும் போய்விடவில்லை, நிலத்தடியில்தானே சேர்ந்திருக்கிறது" என்று நீங்கள் பதில் சொல்வீர்கள். அந்தப் பதிலில் பாதி நியாயம் உண்டு. மறு பாதியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஊருணி நீர் எல்லோருக்கும் பொது. குடம் எடுத்துப் போகிறவளுக்கு நிலம் இருக்கிறதா, மின் இணைப்பு இருக்கிறதா என்று ஊருணி கேட்காது. கண்மாய் நீர் அதில் பாயும் வயல்களை வைத்திருக்கும் ஆயக்கட்டுக்காரர்களுக்குப் பொது. கடைமடைக்காரருக்கும் முறை உண்டு. மண்ணுக்குள் இறங்கிய நீர் யாருக்கு? ஆழ்துளைக் கிணறும் மோட்டாரும் வைத்திருப்பவருக்கு. மேட்டில் நாலு பேருக்கு மோட்டார் கூடுதலாக ஒரு மணி நேரம் ஓடும். பள்ளத்தில் நூறு வீட்டுக்காரர்கள் குடத்தோடு லாரிக்குக் காத்திருப்பார்கள். பொதுச் சொத்தாகத் தரையில் ஓடிய நீரைத் தனிச் சொத்தாகத் தரைக்கடியில் மாற்றிக் கொடுக்கும் வேலையை, நல்ல எண்ணத்தோடு, அரசுப் பணத்தில் நீங்கள் செய்கிறீர்கள். கடுமையாகச் சொல்கிறேன் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் வருவாய்க் கணக்கைச் சரிபார்க்கும் ஜமாபந்தியில், பொது நிலம் தனியார் பட்டாவானதைப் பார்த்து முகம் சுளித்தவர்கள், அதே சங்கதி நீரில் நடக்கும்போது கைதட்டுவதுதான் எனக்குப் புரியவில்லை.

இதே பாடத்தைத் தைலமரக் காடுகள் எங்களுக்கு ஏற்கெனவே நடத்திவிட்டன. அதற்கும் உங்கள் அலுவலகத்துக்கும் தொடர்பில்லை, நியாயத்துக்காகச் சொல்லிவிடுகிறேன். சிவகங்கை, புதுக்கோட்டை இரு மாவட்டங்களிலும் தைலமரம் நட்ட நிலங்களில் மழைநீர் வெளியேறாதபடி வரப்புப் போட்டிருப்பதால் கண்மாய்களுக்கு வரத்து நின்றுவிட்டது என்று விவசாயிகள் பல ஆண்டுகளாக மனுக் கொடுத்து, மறியல் செய்து, நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். தைலமரம் நீரை உறிஞ்சுகிறது என்பதுதான் ஊரில் பெரிய பேச்சு. என் கணிப்பில் வேர் செய்கிற கேட்டைவிட வரப்பு செய்கிற கேடு முதலில் தெரியும். மரம் வளரச் சில ஆண்டுகள் ஆகும், வரப்பு போட்ட மறுநாளே வேலையைத் தொடங்கிவிடும். அங்கே மரத்துக்காகப் போட்ட வரப்பும் இங்கே மண் பாதுகாப்புக்காகப் போடும் வரப்பும் கீழே இருக்கிற கண்மாய்க்கு ஒன்றுதான்.

அப்படியானால் அகழியே கூடாதா? கூடும். சம்பை ஊற்றை எடுத்துக்கொள்ளுங்கள். காரைக்குடி தலைமுறை தலைமுறையாகக் குடித்து வரும் நீர் அது. வெளியூர்க்காரர்கள் டீக்கடையில் ஒரு வாய் குடித்துவிட்டு "இனிக்கிறதே" என்பார்கள். அந்தப் பக்கத்து மண்ணில் மழை உள்ளே இறங்கினால்தான் ஊற்று பெருகும். அங்கே நீங்கள் நீரை நிறுத்துங்கள், இறக்குங்கள், எங்களிடம் கேட்கவே வேண்டாம். 2024-இல் மாநகராட்சியாகிவிட்ட காரைக்குடி இன்னும் பரவும்போது அந்த மண் மீது கான்கிரீட் மூடி போடாமல் காப்பாற்றுவது உங்கள் அலுவலகத்தால் முடிந்தால், அதற்கு ஒரு பாராட்டு விழாவே வைக்கலாம். ஊறுகிற மண் வேறு, ஓடுகிற மண் வேறு. இரண்டுக்கும் ஒரே மாதிரி மதிப்பீடு போடுவதுதான் எனக்கு ஒவ்வாதது. ஒரே ஊராட்சிக்குள் கூட இரண்டும் இருக்கும். செட்டிநாட்டிலேயே உலர்நில வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எந்த மண்ணில் எவ்வளவு நீர் இறங்கும் என்று அவர்களிடம் கேட்டால் சொல்ல மாட்டார்களா?

மேட்டில் செய்வது இப்படி என்றால், பள்ளத்தில் செய்வதிலும் இரண்டு சங்கதிகள் உண்டு. ஒன்று, தூர்வாருதல். கண்மாயை எவ்வளவு ஆழமாகத் தோண்டினாலும் நல்லது என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. வயலுக்கு நீர் விடும் மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய குழியில் நிற்கும் நீர் வயலுக்கு ஏறாது. மாடு குடிக்கும், மீன் வளரும், அவ்வளவுதான். ஊருணியில் இது இன்னும் ஆபத்து. அடியில் படிந்திருக்கும் களிப்படுகைதான் நீரைத் தாங்கிப் பிடிக்கிறது. இயந்திரத்தின் வாளி அதைக் கிழித்துச் சரளைக்குள் இறங்கிவிட்டால், எத்தனை மழை பெய்தாலும் நீர் மாசி தாண்டாது. மண்வெட்டியால் வெட்டிய காலத்தில் களி தட்டுப்பட்டதும் வேலையாட்களே நிறுத்திவிடுவார்கள். வண்டல் எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி வாங்கலாம் என்று 2024-இல் எளிதாக்கியது நல்ல முடிவு. வண்டல் என்ற பெயரில் பள்ளம் நிரப்பும் சவுடு மண் வெளியேறுவதைத் தடுக்க, எங்கே நிறுத்த வேண்டும் என்று மட்டம் வைத்துக் கொடுக்கும் திறன் உங்களிடம்தான் இருக்கிறது. ஒரு கல் நட்டு "இதற்குக் கீழே கூடாது" என்று எழுதிவிட்டுப் போனால்கூடப் போதும். இரண்டாவது, சீமைக்கருவேலம். 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவு வந்தபோது எல்லா இடத்திலும் வெட்டினோம், படம் எடுத்தோம், மறுபடி முளைத்தது. கண்மாயில் நீர் நிற்கும் உள்வாய் முழுவதையும் ஒரே ஆண்டில் வெட்டுவதை விட்டுவிட்டு, வரத்துக்காலில் வேரோடு எடுத்தாலே நீர் வந்துவிடும்.

வரத்துக்கால் என்றதும் என் பழைய வேலை நினைவுக்கு வந்துவிடுகிறது. உங்களுக்கு இது எவ்வளவு தெரியும் என்று எனக்குச் சந்தேகம் உண்டு. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய் என்றால் நீர்வளத் துறை. அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். ஊருணி சில இடங்களில் ஊராட்சி, சில இடங்களில் கோயில், சில இடங்களில் நகரத்தார் எனும் செட்டியார் சமூகத்தின் பொறுப்பு. பொட்டல் வருவாய்த் துறை. பக்கத்தில் வனத்துறை. இவை எல்லாவற்றையும் கோத்துக்கொண்டு ஓடும் வரத்துக்காலுக்கு உரிமை கொண்டாட ஆளில்லை. நிலவரித் திட்டப் பதிவேடுகள் புதுப்பிக்கப்பட்டபோது சில ஊர்களில் வரத்துக்கால் தனியார் பட்டாவுக்குள் போனது. இன்னும் சில ஊர்களில் நில அளவைப் புலப்படத்தில் வரத்துக்கால் இருக்கிறது, தரையில் மனைப்பிரிவு இருக்கிறது. சாலையை ஒவ்வொரு முறை போடும்போதும் உயர்த்தி உயர்த்தி, சிறுபாலத்தின் வாய் தரைக்குள் போய்விட்ட இடங்களும் உண்டு. கண்மாய்க்கரையைப் பார்க்க ஒரு துறை, மடையைப் பார்க்க ஒரு துறை என்று இருக்கிற நாட்டில், நீர் விழும் இடத்திலிருந்து சேரும் இடம் வரை முழு நிலத்தையும் ஒரே அலகாகப் பார்க்க அதிகாரம் பெற்றது உங்கள் அலுவலகம் ஒன்றுதான். நீர்வடிப்பகுதி என்று நீங்கள் கோடு போடும்போது ஊராட்சி எல்லையைக்கூட மதிப்பதில்லை. மதிக்க வேண்டியதுமில்லை. இந்த மடலை வேறு யாருக்கும் எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம் அதுதான்.

உங்கள் கஷ்டமும் தெரியாமல் இல்லை. மத்திய அரசின் நீர்வடிப்பகுதித் திட்டத்தில் சமவெளிக்கு ஹெக்டேருக்கு 22,000 ரூபாய் என்று ஒரு வரம்பு; அதை நிதியாண்டு முடிவதற்குள் பணிகளாக மாற்றிக் காட்ட வேண்டும். அகழியை எண்ணலாம், குட்டையை எண்ணலாம், அளவுப் புத்தகத்தில் நீளம், அகலம், ஆழம் எழுதலாம். "இங்கே ஒன்றும் செய்யவில்லை, அதனால் ஊருணி நிறைந்தது" என்பதை எந்தப் பத்தியில் எழுதுவீர்கள்? தணிக்கைக்காரர் கேட்பார். இடம் பழகுவதற்குள் மாறுதல் உத்தரவு வேறு வந்துவிடும். ஒப்பந்தப் பணியில் இருப்பவர்களுக்கு அடுத்த ஆண்டு இருப்போமா என்பதே நிச்சயமில்லை. சித்திரை வெயிலில் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு பொட்டலில் நிற்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு மோர் வாங்கிக் கொடுத்ததைத் தவிர நானும் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை.

உங்களில் ஒருவரைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்ல வேண்டும். கலுங்கு பழுது பார்க்கும் வேலைக்கு வந்த ஒரு வரைதொழில் அலுவலர், மேலே கான்கிரீட் ஏற்றச் சொன்ன ஊர்க்காரர்களிடம் முடியாது என்றார். புதருக்குள் கிடந்த பழைய கலுங்குக் கல்லைத் தேடி எடுத்து, அது நின்ற குழியைக் கண்டுபிடித்து, அந்த மட்டத்துக்கே கட்டினார். ஓர் அடி உயர்த்தியிருந்தால் எங்களுக்கு நீர் கூடியிருக்கும், கீழூருக்குக் குறைந்திருக்கும். ஊரில் அவரைத் திட்டினார்கள். கீழூர்க்காரர்களுக்கு அவர் பெயர்கூடத் தெரியாது. அந்தப் புத்திதான் மேட்டிலும் வேண்டும் என்கிறேன்.

ஆகவே, அடுத்த திட்ட அறிக்கை தயாராகும் முன் ஒவ்வொரு ஊருணிக்கும் கண்மாய்க்கும் நீர்ப்பிடிப்பு எதுவரை என்று கோடு போட்டுவிடுங்கள். அந்தக் கோட்டுக்குள் அகழியும் வரப்பும் பண்ணைக்குட்டையும் வர வேண்டுமானால், கீழே இருக்கும் ஊருணிக்காரர்களின் ஒப்புதல் வேண்டும் என்று வையுங்கள். நிலம் எந்த ஊராட்சியில் இருந்தாலும் சரி. மண்ணைப் பிடிக்க வேறு வழி இருக்கிறது. பொட்டலில் கொழுக்கட்டைப் புல் தூவிச் சில ஆண்டுகள் மேய்ச்சலை முறைப்படுத்தினால் புல் மண்ணைப் பிடித்துக்கொண்டு நீரை விட்டுவிடும். அரித்து ஓடையாகிப்போன இடத்தில் முழங்கால் உயரத்துக்குக் கல்லடுக்கு போதும். வண்டல் தங்கும், நீர் மேலே ஏறிப் போய்விடும். ஊருணி வாயில் ஒரு வண்டல் குழி. மிச்சப் பணம் முழுவதும் வரத்துக்காலுக்கும் அடைபட்ட சிறுபாலங்களுக்கும் போகட்டும். அய்யனார் கோயில்காடு இருக்கிற ஊர்களில் அந்தக் காட்டுக்குள் தயவுசெய்து எதையும் நடாதீர்கள், வெட்டாதீர்கள். அங்கே ஏற்கெனவே எல்லாம் சரியாக இருக்கிறது.

கோடு போடுவதற்குச் செயற்கைக்கோள் படம் மட்டும் போதாது. அரை அடி வாட்டம் எந்தப் பக்கம் என்பதை கண்மாய் நீரை வயல்களுக்குப் பங்கிட்டு விடும் நீர்ப்பாய்ச்சிக் குடும்பத்தில் எஞ்சியிருக்கும் பெரியவர்களிடம்தான் கேட்க வேண்டும். அவர்களிலும் நடக்கக்கூடியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். வருவதானால் ஆவணி, புரட்டாசியில் நல்ல மழை பெய்துகொண்டிருக்கும்போதே வாருங்கள். எந்த வழியாக நீர் வருகிறது, எங்கே திரும்பிக்கொள்கிறது என்று கண்ணாலேயே தெரிந்துவிடும். கோடையில் வந்து மட்டக்கருவி வைப்பதைவிட இது சுலபம்.

எங்கள் ஊரின் அ-பதிவேட்டு நகலும் புலப்படங்களும் என்னிடம் இருக்கின்றன. அவற்றில் வரத்துக்காலைக் குறித்து வைத்திருக்கிறேன். அடைபட்ட சிறுபாலங்களையும் சிவப்பு மையில் குறித்திருக்கிறேன். வரும் நாளை முந்தின நாள் சொல்லிவிட்டால் ஊராட்சித் தலைவரையும் கீழூர் ஆயக்கட்டுக்காரர்களையும் வரச் சொல்லி வைக்கிறேன். ஜீப் ஊருணிக்கரை வரைதான் வரும். அதற்கு மேல் நடக்க வேண்டும்; சரளை, செருப்பு நல்லதாகப் போட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர் ஒருவர்,
காரைக்குடி வட்டம்.